பிறக்காதவரின் பங்கு

குமாரசாமி வக்கீல் ஒரு வீட்டைப் பார்க்க வந்தால் சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டார், ஓட்டை அண்ணாந்து பார்க்க மாட்டார். விற்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்பார். செங்கோடனிடம் இரண்டு நாளாக அவர் கேட்ட கேள்விகளை எழுதி வைத்திருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பியிருக்கும்.

இது பாட்டன் சொத்தா, நீயாகச் சம்பாதித்ததா? பாட்டன் கட்டியது. அப்பாவுக்கு வேறு ஆண் பிள்ளை உண்டா? இல்லை. அம்மா? தவறிப்போய் நாலு வருஷம். இந்த வீட்டில் இருந்து சாப்பிட உரிமையுள்ள அத்தை, சித்தி யாராவது? இருந்த ஒரு அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அடமானம் வைத்ததுண்டா? கிடையாது. கிணறு? பக்கத்து வீட்டாரோடு பொது, முறை வைத்து இறைப்பது. முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது? அதற்கு அவர்கள் எப்போதாவது ஆட்சேபம் சொன்னதுண்டா? செங்கோடனுக்குத் தன் வீட்டைப் பற்றி இவ்வளவு விஷயம் தனக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

1936-ஆம் வருஷத்து ஆவணி மாதம் அது. நாமக்கல்லில் மலைக்குக் கிழக்கேயுள்ள அந்தத் தெருவில், பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மலையின் நிழல் வந்து ஓடுகளின் மேல் படுத்துக்கொள்ளும். அந்த வீட்டை விற்றுவிட்டு ஒரு பஸ்ஸில் பங்கு வாங்கச் செங்கோடன் தீர்மானித்திருந்தான். ஓமலூர்க் காத்தானுக்குச் சொந்தமான பஸ் அது. சேலத்திலிருந்து புதுச்சத்திரம் வழியாக நாமக்கல்லுக்கு வந்து போயிற்று. காத்தானுக்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டது. செங்கோடனுக்கு இருபத்தேழு வயது. மோட்டார் வேலை தெரியும். அந்த பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் கைகள் சும்மா இருக்காது, காற்றிலே சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே பேசும்.

வாங்குகிறவள் பெருமாயி. சுற்று வட்டாரத்து வெண்ணெயை வாங்கி உருக்கி, நெய்யாக்கிச் சேலத்துக்கு அனுப்புகிறவள். நாற்பத்திரண்டு வயது. இருபது வயதில் புருஷனை இழந்து, அதே மாதத்தில் புருஷன் வீட்டையும் இழந்தவள். அதற்குப் பிறகு ஐந்து வாடகை வீடுகள் மாறிவிட்டாள். வக்கீலுக்கு அவள் சொல்லியிருந்தது ஒன்றுதான். கேட்க வேண்டியதையெல்லாம் இப்போதே கேட்டுவிட வேண்டும். பிறகு எவனாவது பங்கு என்று சொல்லிக்கொண்டு தன் வாசலில் வந்து நிற்கக் கூடாது.

ஆகவே குமாரசாமி வக்கீல் கடைசியாக ஒரு கேள்வியைச் செங்கோடனைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய்த் தணிந்த குரலில் கேட்டார். அவன் மனைவி உண்ணாமலை கர்ப்பமாக இருக்கிறாளா?

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றான். எப்படி அவ்வளவு நிச்சயம் என்று அவர் விடாமல் கேட்டதும், போன வாரம்தான் அவள் வீட்டுக்குத் தூரமாகி மூன்று நாள் பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள், அந்த மூன்று நாளும் தானே சமைத்தேன் என்று சொல்லிவிட்டு, வெட்கம் தாங்காமல் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். வக்கீல் அதையும் குறித்துக்கொண்டார்.

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. அந்த ஊரில் யாருக்குமே தெரியாது. உண்ணாமலைக்கு அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் இரண்டு முறை கருவுற்றிருந்தாள். முதல் முறை நாற்பத்தைந்தாம் நாளே சொந்தம் முழுவதும் தெரிந்து, பலகாரத் தட்டுகள் வந்தன. நாலாம் மாதத்தில் எல்லாம் போயிற்று. இரண்டாம் முறை புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவன் மகிழ்ச்சி தாங்காமல் யாரிடமும் சொல்லாமலே தெருவெல்லாம் சிரித்துக்கொண்டு நடந்ததில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அதுவும் தங்கவில்லை. இரண்டு முறையும் மருத்துவச்சி அத்தாயி கையைத் துடைத்துக்கொண்டு, "இல்லே கண்ணு, இல்லே" என்று சொன்ன அந்தச் சொல் அவள் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது.

இந்த முறை ஐந்தாம் மாதம் தாண்டும்வரை தன் வாயிலிருந்து அந்த விஷயம் வருவதில்லை என்று மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள். மறைப்பதற்கு ஒரு வழிதான் இருந்தது. மாதா மாதம் அந்த நாள் வரும்போது, வராத ஒன்றுக்காகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். தனித் தட்டு, தனிச் செம்பு. செங்கோடன் உப்புப் போட மறந்து காய்ச்சிய ரசத்தை அவன் எட்ட நின்று ஊற்ற, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு குடித்தாள். கிணற்றடிப் பெண்கள் பார்த்தார்கள்; நம்பினார்கள். புருஷனும் நம்பினான். அவனை ஏமாற்றுகிறோமே என்ற குற்ற உணர்ச்சியும், வயிற்றுக்குள் இருப்பதை யார் கண்ணும் படாமல் பொத்தி வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியும் அவளுக்குள் ஒன்றாகவே இருந்தன.

வீட்டை விற்பதற்கு முதலில் சரி என்று சொன்னவளே அவள்தான். பஸ்ஸைப் பற்றிப் பேசும் அந்தக் கைகளை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். வாடகை வீட்டிலும் பிள்ளை பிறக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்திரம் பதிவதற்கு முந்தின நாள், புதன்கிழமை காலையில், முத்திரைத்தாளில் எழுதியதைப் படித்துக் காட்ட எல்லாரும் வந்தார்கள். வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்தார். பெருமாயி பாயில் உட்கார்ந்து, பக்கத்தில் வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டாள். பத்திரம் எழுதும் சின்னுசாமி மூக்குக்கண்ணாடியை நூலால் காதோடு கட்டிக்கொண்டார். செங்கோடன் தூணருகே நின்றான். உண்ணாமலை சமையலறைக் கதவோரம் நின்றாள். பத்திரத்தில் அவளும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வக்கீலின் ஏற்பாடு. வீட்டுக்காரியும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டால், எனக்குத் தெரியாமல் விற்றுவிட்டார் என்று பின்னால் வழக்கு வராது. உண்ணாமலை நாலாம் வகுப்பு வரை படித்தவள்.

சின்னுசாமி படிக்கத் தொடங்கினார். வருஷம், மாதம், தேதி. இன்னார் மகன் இன்னார், இன்னார் மனைவி இன்னாருக்கு எழுதிக் கொடுத்த சுத்தக் கிரய சாசனம். கிழக்கே தெரு, மேற்கே மலையடிப் பாதை, தெற்கே பக்கத்து வீட்டுச் சுவர், வடக்கே சந்து. இந்த நான்கு எல்லைக்கு உட்பட்ட மனையும், வீடும், கதவு நிலைகளும், கிணற்றில் பாதிப் பாத்தியமும், அதிலுள்ள நிதி நிட்சேபமும், ஜலமும், மரமும், கல்லும், இனி உண்டாகக்கூடிய சகல பாத்தியங்களும்.

உண்ணாமலைக்கு மெய் சிலிர்த்தது. ஆறு வருஷமாகத் தான் பெருக்கித் துடைக்கும் இந்த வீட்டுக்கு அடியில் புதையல் இருந்தால் அதையும், நீர் இருப்பதையும், கல் இருப்பதையும், இன்னும் வராதது ஒன்று இருப்பதையும் யாரோ முன்கூட்டியே எண்ணி வைத்திருக்கிறார்கள். சந்திர சூரியர் உள்ளவரைக்கும் என்று வேறு வந்தது. வீடு விற்பது என்பது கடையில் சாமான் வாங்குவது போன்றதல்ல என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

சின்னுசாமி தாளைத் திருப்பினார். அதே குரலில், மூச்சு விடாமல் அடுத்த வரியையும் படித்தார்: "எனக்கு ஆண் சந்ததி இல்லை என்றும், என் மனைவி தற்சமயம் கர்ப்பவதியாக இல்லை என்றும் இதனால் உறுதி கூறுகிறேன்."

உண்ணாமலையின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

அத்தாயி சொன்ன அதே சொல். இரண்டு முறையும் உள்ளே இருந்தது போன பிறகுதான் அது சொல்லப்பட்டது. இப்போது உள்ளே உயிரோடு இருக்கும்போதே சர்க்கார் முத்திரைத்தாளில் எழுதி, அதற்குக் கீழே பெற்ற தகப்பனைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பேசினால் தான் காத்துவந்த காவல் உடைந்துபோகும். பஸ்ஸும் போகும், பிள்ளையைக் காட்டி வீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டாள் என்று அவன்கூட நினைக்கலாம். பேசாவிட்டால் இந்த உலகத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதப்படும் முதல் வரி, அது இல்லை என்பதாக இருக்கும்.

சின்னுசாமி அடுத்த வரிக்குப் போய்விட்டார். கதவைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு உண்ணாமலை வெளியே வந்தாள்.

"ஏனுங்க, அந்த வரி வேண்டாமுங்க."

சின்னுசாமி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எல்லாப் பத்திரத்துலயும் எழுதறதுதானம்மிணி. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லே."

"வெக்கமில்லீங்க," என்றாள் உண்ணாமலை. "அது நெசமில்லீங்க."

அப்போது குமாரசாமி வக்கீல் செய்த காரியம் அங்கிருந்த யாருக்கும் கடைசிவரை மறக்கவில்லை. அவர் பேனாவை மூடினார். நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். கோர்ட்டில் ஜட்ஜ் உள்ளே வரும்போது நிற்பதைப் போல, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

செங்கோடன் மனைவியைப் பார்த்தபடியே இருந்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சியல்ல, கணக்குத் தப்பிப்போன குழப்பம்.

"போன வாரம் மூணு நாளு?"

"சும்மாத்தான் உக்காந்திருந்தனுங்க மாமா."

"நா வெச்ச ரசத்தைக் குடிச்சுக்கிட்டு?"

"ஆமாங்க."

பெருமாயி வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தாள். "அந்த ரசத்தைக் குடிச்சும் உள்ளே தாங்கிக்கிட்டு இருக்குதுன்னா, கெட்டியான புள்ளதான் சாமி," என்றாள்.

வக்கீல் இன்னும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பாட்டன் சொத்தில் ஆண் பிள்ளைக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். சட்டம் அதற்கும் ஒரு படி முன்னே போய் நிற்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவனை இருக்கிறவனாக எண்ணிக்கொள்கிறது. இன்று இந்த வீட்டை விற்றால், நாளை ஆண் பிள்ளை உயிரோடு பிறந்து, வளர்ந்து, வயது வந்ததும் கோர்ட்டுக்கு வந்து, நான் வயிற்றில் இருந்தபோது என் பாகமான பாதி வீட்டை விற்றுவிட்டார்கள் என்று கேட்கலாம். கோர்ட் அதைக் கேட்கும். பழைய கடனுக்கோ, வைத்தியத்துக்கோ, சாப்பாட்டுக்கோ விற்றிருந்தால் குடும்ப அவசியம் என்று சொல்லித் தப்பிக்கலாம்.

பஸ்ஸில் பங்கு வாங்குவது அவசியம் ஆகாதா என்று செங்கோடன் கேட்டான்.

"உனக்கு அது அவசியம்," என்றார் வக்கீல். "சட்டத்துக்கு அது ஆசை."

செங்கோடனின் மனசு வேறு எங்கோ போய்விட்டது. வீட்டைச் சுற்றிப் பார்த்தான். தூணைப் பார்த்தான், முற்றத்தைப் பார்த்தான்.

"பாதின்னா எந்தப் பாதிங்க?"

குமாரசாமி வக்கீல் முப்பது வருஷமாகக் கட்சிக்காரர்களுக்குச் சட்டம் சொல்கிறவர். இந்தக் கேள்வியை அதற்கு முன் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்குப் பதில் சொல்லும்போது அவருக்கே அந்தப் பதில் புதிதாகப் பட்டது.

"இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இல்லையப்பா. பங்கு பிரிக்கிற வரைக்கும் எல்லாவற்றிலும் பாதி. ஒவ்வொரு ஓட்டிலும் பாதி. கதவில் பாதி. அந்தக் கிணற்றில் உன் பங்குக்கு இறைக்கிற ஒவ்வொரு குடத்திலும் பாதி. நீ சாய்ந்திருக்கிறாயே, அந்தத் தூணிலும்தான்."

செங்கோடன் தூணிலிருந்து முதுகை எடுத்துவிட்டான்.

பெருமாயிக்கு அப்போது கோபம் வந்திருக்கலாம். ஐந்து வாடகை வீடுகளுக்குப் பிறகு கைக்கு எட்டிய வீடு அது. அவள் எழுந்துபோய் உண்ணாமலையின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பேசப் பேசத்தான் அவளுக்கே பேச்சு வந்தது.

"என்னையும் இதே கேள்வி கேட்டாங்க அம்மிணி. அவரு செத்துப் பதினாறாம் நாளு. மாமனாரு, கொழுந்தனாருங்க, ஊருப் பெரியவரு எல்லாரும் உக்காந்துக்கிட்டு, உண்டாயிருக்கறயான்னு கேட்டாங்க. எதுக்குக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியலே. இல்லேன்னு சொன்னேன். பொழுது சாயறதுக்குள்ளே எம்பொட்டிய எடுத்து வெளியில வெச்சுட்டாங்க. ஒரு வார்த்தைக்கு இத்தனை பெலம் இருக்குதுன்னு இருவத்திரண்டு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் வெளங்குது."

உண்ணாமலை அழுதுகொண்டிருந்தாள். தான் வாய் திறந்துவிட்டோம் என்ற பயம் இப்போதுதான் முழுசாக வந்து அவளைப் பிடித்துக்கொண்டது. எதற்காக இத்தனை நாள் மறைத்தாள் என்பதை அரைகுறையாகச் சொன்னாள். கேட்டு முடித்ததும் பெருமாயி அங்கிருந்த மூன்று ஆண்களையும் திரும்பிப் பார்த்தாள். பிறகு அங்கேயே ஒரு ஒப்பந்தம் முடிவாயிற்று. அது எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. ஐந்தாம் மாதம் தாண்டும்வரை இந்த அறையில் கேட்டதை யாரும் வெளியே சொல்வதில்லை. கிரயம் ஏன் நின்றது என்று ஊரார் கேட்டால், கிணற்றுப் பாத்தியத்தில் தகராறு என்று சொல்லிவிட வேண்டும். யோசனை சொன்னவர் குமாரசாமி வக்கீல். உண்மை விளம்பியாக இருப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அன்று அதை அவர் பெரிதாக எண்ணவில்லை. பிள்ளை பிறந்த பிறகு மேற்கொண்டு பேசிக்கொள்ளலாம், ஆண் பிள்ளையானால் கிரயம் இல்லை, பெண் பிள்ளையானால் சட்டப்படி தடை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் விடைபெற்றார். பாவம், கிணற்றில் பங்குள்ள பக்கத்து வீட்டுக்காரர்தான் ஐப்பசி வரைக்கும் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் தனக்கும் செங்கோடனுக்கும் சண்டையே இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

காத்தான் பிள்ளை பிறக்கும்வரை காத்திருக்கவில்லை. அடுத்த மாதமே ஆத்தூர்க்காரர் ஒருவர் அந்தப் பங்கை வாங்கிக்கொண்டார். செங்கோடன் அதே பஸ்ஸில் சம்பளத்துக்கு டிரைவராகச் சேர்ந்தான். அது அவனுக்கு வருத்தமில்லை என்று சொல்ல முடியாது. புதுச்சத்திரத்தில் வண்டி நிற்கும்போது இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னொருவர் பொருளை மூடுகிற மாதிரி மூடுவான்.

ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அவன் வேறு ஆளாக இருந்தான். கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் சாத்தினான். சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டியிருந்தபோது சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு உண்ணாமலையின் பக்கம் திரும்பி, அதில் பாதி தன்னுடையதல்லவே, கேட்டுச் சொல்லு என்றான். அவள் சிரித்தாள். அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் முழுவதும் விளையாட்டல்ல. ஒரு நாள் கிணற்றிலிருந்து குடத்தைத் தூக்கி மேடைமேல் வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். கண்ணால் பார்க்காத ஒருவர், பெயரில்லாத ஒருவர், இந்த வீட்டில் தன்னோடு சரிசமமாக இருக்கிறார். அவர் ஒரு கையெழுத்துப் போடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. முத்திரைத்தாளில் எழுதி முடித்த கிரயத்தை நிறுத்திவிட்டார். இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள் என்று தோன்றியது அவனுக்கு.

நாலாம் மாதம் கடந்தது. ஐந்தாம் மாதத்தின் கடைசி நாளன்று உண்ணாமலை எதுவும் பேசாமல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். செங்கோடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தான். இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயமில்லாமல் சிரித்தார்கள். மறுநாள் அவன் தெருவெல்லாம் சிரித்துக்கொண்டே நடந்தான்.

பெருமாயி வாரந்தோறும் வந்தாள். வரும்போதெல்லாம் வாழை இலையில் ஒரு உருண்டை வெண்ணெய். ஒரு நாள் அதைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன் அம்மிணி. பொண்ணு பொறக்கோணும்னு ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்பு நேந்துக்கிட்டேன். கோவிச்சுக்காதே."

நாமக்கல் முழுவதிலும் அந்த வயிற்றுக்கு ஆண் பிள்ளை கேட்காத ஒரே ஆள் அவள்தான். உண்ணாமலை கொஞ்சம் யோசித்துவிட்டு, எது என்றாலும் உயிரோடு வர வேண்டும் என்று சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னாள். அதற்குத் தனியாக இன்னொரு காப்பு நேர்ந்திருப்பதாகப் பெருமாயி சொன்னாள்.

மாசி மாதக் கடைசியில், ஒரு உச்சிப் பொழுதில் குழந்தை பிறந்தது. அத்தாயி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது செங்கோடன் சேலத்து வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தான். அத்தாயி முன்பு இரண்டு முறை சொன்ன சொல்லை நினைத்தோ என்னவோ, அவன் கேட்பதற்கு முன்பே, "இருக்குது சாமி, நல்லா இருக்குது" என்றாள். ஆணா பெண்ணா என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னாள். பெண்.

பெருமாயி இரண்டு காப்பையும் செலுத்தினாள். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினாறாம் நாள் கழித்துக் குமாரசாமி வக்கீல்தான் வந்தார். பெயர் வைத்தாயிற்றா என்று விசாரித்தார்; சௌந்திரம் என்று சொன்னார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். பெண் குழந்தை என்றபடியால் இனி எந்தச் சிக்கலும் இல்லை. வீடு முழுவதும் சட்டப்படி செங்கோடனுக்கே பாத்தியம். அவன் இஷ்டம்போல் விற்கலாம்.

செங்கோடன் கேட்டுக்கொண்டே இருந்தான். பெருமாயியின் மடியில் தூங்கும் குழந்தையைப் பார்த்தான்.

"ஆறு மாசமா இந்த ஊட்டுல பாதி அதோடதுன்னு நெனச்சு நடந்தனுங்க. ஓட்டுல பாதி, தண்ணியில பாதின்னு நீங்கதான் சொன்னீங்க. பொண்ணுன்னதும் அந்தப் பாதி எங்கீங்க போச்சு?"

சட்டத்தில் அதற்குப் பதில் இருந்தது. அந்தப் பதிலைச் சொல்ல அன்றைக்கு வக்கீலுக்கு மனம் வரவில்லை.

"சட்டம் குடுக்காட்டிப் போவுது. நா குடுத்தா செல்லுமுங்களா?"

"செல்லும்," என்றார் வக்கீல். "தான செட்டில்மெண்ட் என்று எழுதினால் சந்திர சூரியர் உள்ளவரைக்கும் செல்லும்."

அதற்குப் பிறகு பேச்சு வேகமாக நடந்தது. மேற்குப் பாதி, மலையடிப் பக்கம், சௌந்திரத்துக்கு. கிழக்குப் பாதி செங்கோடனுக்கு. அதைப் பெருமாயி விரும்பினால் அவளுக்கு அவன் கிரயம் எழுதிக் கொடுப்பான். நடுவில் ஒரு சுவர். கிணறு பொது. கிழக்குப் பாதிக்குத் தெருவாசல் இருப்பதால், மேற்குப் பாதிக்காரர்கள் சந்துப் பக்கம் ஒரு வாசல் திறந்துகொள்ள வேண்டும். காத்தான் இரண்டாவது பஸ் வாங்கப்போகிறான். அதில் கால் பங்குக்கு இந்தப் பாதிக் கிரயம் போதும். செங்கோடனின் கைகள் மறுபடியும் காற்றில் சக்கரத்தைத் திருப்பத் தொடங்கின.

பெருமாயி குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வக்கீலைப் பார்த்தாள்.

"பாதி ஊடுன்னா பத்திரமும் பாதிதான் குடுப்பாங்களா?"

முழுப் பத்திரம்தான், அவள் பெயர் முழுசாக இருக்கும் என்றார் வக்கீல்.

"அப்பொப் போதுமுங்க," என்றாள். சிறிது நேரம் கழித்து, அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்தால் சட்டத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டாள். குழந்தை தவழத் தொடங்கினால் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டாமல்லவா?

வைகாசியில் ஒரு நல்ல நாளில் இரண்டு பத்திரங்களும் எழுதியாயின. சப் ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கு எதிரே இருந்த வேப்பமர நிழலில் சின்னுசாமி கண்ணாடியைக் கட்டிக்கொண்டு படிக்க உட்கார்ந்தார். அதற்கு முன் குமாரசாமி வக்கீல், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, கையிலிருந்த குடையைச் சுருட்டி விரித்துச் சுருட்டி, கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும் என்று முணுமுணுத்தார்.

உண்ணாமலை அவர் வாயிலிருந்து கேள்வி வரும்வரை காக்கவில்லை. "இல்லீங்க," என்றாள். "இந்தத் தடவை நெசமாவே இல்லீங்க." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னதும், அது ஒரு சாதாரணச் சொல்லாக வேப்பம்பூக்களின் நடுவே விழுந்ததும் அவளுக்கே அதிசயமாக இருந்தது.

செங்கோடன் கையெழுத்துப் போடப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். பெருமாயி தன் பெயர் வரும் இடத்துக்காகக் காத்திருந்தாள். மலை வெயிலில் வெள்ளையாக நின்றது. சின்னுசாமி முதலில் செட்டில்மெண்டை எடுத்தார். வருஷம், மாதம், தேதி, நான்கு எல்லைகள், ஜலம், மரம், கல். தாளைத் திருப்பி, எப்போதும் போல் மூச்சு விடாமல் படித்தார்:

"எனக்குச் சௌந்திரம் என்ற மகள் ஒருத்தி இருக்கிறாள். மேற்படி சௌந்திரத்தின் மேல் எனக்குள்ள பிரியத்தினாலும் வாஞ்சையினாலும்..."

"சித்தெ நிறுத்துங்க," என்றாள் உண்ணாமலை.

சின்னுசாமி நிறுத்தினார். எங்கேயாவது தப்பு வந்துவிட்டதோ என்று பயந்துபோய்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உண்ணாமலை தோளில் கிடந்த குழந்தையைத் திருப்பி, அதன் முகம் அவரைப் பார்க்கும்படி மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அந்த மொத வரிய மட்டும் இன்னொருக்கா படிங்க. அதுவும் கேக்கட்டும்."